வளைகோல் வேந்தர் ஆசானான கதை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

விளையாட்டு வீரனுக்கு வாழ்க்கை இரண்டு. மைதானத்தில் ஓடும் வரையில் ஒன்று. ஓட்டம் நின்ற பின் மற்றொன்று. முதல் வாழ்க்கையை ஊரே கண்டு களிக்கும். நாளேடுகள் படம் போட்டுப் புகழும். இரண்டாம் வாழ்க்கையைக் கண்டுகொள்வோர் மிகச் சிலரே. மற்றத் தொழில்களில் ஒருவன் முதிர்ச்சி பெற்றுத் தலையெடுக்கும் நாற்பதாம் வயதில், விளையாட்டு வீரன் கிழவன் என்று ஒதுக்கப்படுகிறான். அதன் பிறகு அவன் என்ன செய்வது?

சிலர் பயிற்சியாளர் ஆகின்றனர். தம் கை அறிந்த வித்தையை அடுத்த தலைமுறையின் கைக்கு மாற்றித் தர முற்படுகின்றனர். ஆனால் ஆடத் தெரிந்தவருக்கெல்லாம் ஆட்டத்தைச் சொல்லித்தரத் தெரியுமா? சொல்லித்தருபவரை நாடு ஆடியவரைப் போலவே மதிக்கிறதா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேட விரும்புவோர் மேஜர் தியான் சந்தின் வரலாற்றைக் கற்க வேண்டும். அவருடைய பொற்பதக்கங்களை அறிந்தவர் பலர். அவர் ஆசானாக வாழ்ந்த ஆண்டுகளை அறிந்தவர் சிலர். அந்தச் சிலருள் நம் கல்லூரி நண்பர்களும் சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிப்பாயின் மகன்

தியான் சந்த் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தியான் சிங். தந்தை சமேஷ்வர் சிங் ஆங்கிலேயரின் இந்தியப் படையில் பணி புரிந்தவர். படையில் இருப்பவர்க்கு ஊர் நிலையாகுமா? மாற்றல் வந்தபோதெல்லாம் குடும்பமும் மூட்டை கட்டியது. இறுதியில் ஜான்சி நகரில் குடியேறினர். இத்தகைய அலைச்சலில் சிறுவனின் படிப்பு ஆறு ஆண்டுகளோடு நின்று போயிற்று.

இளமையில் அவருக்கு வளைகோல் பந்தாட்டத்தில் பெரிய நாட்டம் ஏதும் இருந்ததில்லை. மற்போர் பார்ப்பதிலேதான் விருப்பம் மிகுதி. பின்னாளில் உலகமே வியந்த அந்த வீரர், பிறவியிலேயே கையில் கோலோடு வந்தவர் அல்லர் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

1922இல் அவரும் தந்தையைப் போலவே படையில் சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கேதான் அவருக்கு ஓர் ஆசான் வாய்த்தார். சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பது அவர் பெயர். வளைகோலை எப்படிப் பிடிப்பது, பந்தை எப்படி உருட்டிச் செல்வது என்னும் அரிச்சுவடியை அந்தப் படைவீரரே கற்பித்தார். பகலெல்லாம் படைப்பணி. பணி முடிந்த பின்னர், நிலவு வெளிச்சத்தில் தனியே பந்தோடு பழகுவார் தியான் சிங். மின்விளக்கு மைதானங்கள் இல்லாத காலம் அது. சந்திரனைக் காத்திருந்து பயின்றதால் நண்பர்கள் அவரைச் சந்த் என்று அழைத்தனர் என்பர். அந்தப் பெயரே நிலைத்தது.

பாலே திவாரியின் பெயரை இன்று யார் நினைக்கிறார்கள்? அவருக்குச் சிலை இல்லை, மைதானம் இல்லை. ஆயினும் அவர் இல்லையேல் தியான் சந்த் இல்லை. ஆசிரியனின் நிலை எப்போதும் இதுதான் போலும்!

இரண்டு கண்டங்களில் மூன்று தங்கம்

1926இல் இந்தியப் படையின் அணி நியூசிலாந்துக்குச் சென்றது. 21 ஆட்டங்களில் 18 வெற்றி, 2 சமநிலை, ஒரே ஒரு தோல்வி. திரும்பி வந்த தியான் சந்துக்கு லான்ஸ் நாயக் பதவி கிடைத்தது.

1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்துக்கு இந்தியா முதன்முறையாக ஒரு வளைகோல் அணியை அனுப்பியது. ஜெய்பால் சிங் தலைவர். பம்பாய்த் துறைமுகத்தில் அந்த அணியை வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே மூன்று பேர். அந்த அணி ஐந்து ஆட்டங்களில் 29 கோல் போட்டது, ஒன்றைக்கூட வாங்கவில்லை. அவற்றுள் 14 தியான் சந்த் போட்டவை. தங்கப் பதக்கத்தோடு திரும்பியபோது அதே பம்பாய்த் துறைமுகத்தில் கூட்டம் அலைமோதியது. வெற்றிக்கு முன் மூவர். வெற்றிக்குப் பின் ஆயிரவர். இந்தக் கணக்கு அவர் வாழ்வில் மறுபடியும் ஒரு முறை, தலைகீழாக, வரப்போகிறது.

1932இல் லாஸ் ஏஞ்சலீஸ். லால் ஷா பொகாரி தலைவர். ஜப்பானை 11-1 என்றும், அமெரிக்காவை 24-1 என்றும் இந்தியா வென்றது. அமெரிக்காவுக்கு எதிராகத் தியான் சந்த் 8 கோலும், அவருடைய தம்பி ரூப் சிங் 10 கோலும் போட்டனர். 1936இல் பெர்லின். இம்முறை தியான் சந்தே தலைவர். ஒலிம்பிக் தொடங்குமுன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி 4-1 என்று இந்தியாவை வீழ்த்தியது. அந்தத் தோல்வி தலைவரின் உறக்கத்தைப் பறித்தது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன இறுதி ஆட்டம் ஆகஸ்டு 15ஆம் நாள் நடந்தது. இடைவேளையில் இந்தியா ஒரே கோல் முன்னிலை. ஈரத் தரையில் காலணி வழுக்கவே, பிற்பாதியில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார் தியான் சந்த் என்பர். முடிவு 8-1. ஐரோப்பா, அமெரிக்கா, மீண்டும் ஐரோப்பா. ஆசியாவில் பிறந்த கைகள் அயல் கண்டங்களில் மூன்று தங்கம் வென்றன.

மந்திரமா, பயிற்சியா?

இத்தகைய வெற்றிகளைக் கண்டவர்கள் கதை கட்டத் தொடங்கினர். அவர் கோலில் காந்தம் இருக்கிறதென ஐயுற்று அதை உடைத்துப் பார்த்தார்களாம். ஹிட்லர் அவரை அழைத்துப் படையில் பெரும் பதவி தருவதாகச் சொன்னாராம். கேட்க இனிய கதைகள்தாம். உறுதியான சான்றுதான் இல்லை. ஆங்கில ஏடுகள் அவருக்கு வளைகோல் மந்திரவாதி என்றே பட்டம் சூட்டின.

நண்பர்களே, அந்தப் பட்டத்தைச் சற்றே ஆராய்ந்து பார்ப்போம். அது புகழ்மொழிதான். ஆனால் ஒருவர் செய்தது மந்திரம் என்றால், அதை மற்றவர் கற்க இயலாது என்றும் பொருளாகிறதே! பாலே திவாரி கற்பித்தது மந்திரம் அன்று. நிலவொளியில் தியான் சந்த் பழகியதும் மந்திரம் அன்று. கற்றுத்தான் அவர் தேர்ந்தார். ஆகவே கற்பிக்கவும் இயலும். இந்த எளிய உண்மையை மெய்ப்பிப்பதே அவருடைய இரண்டாம் வாழ்க்கையின் பணியாக அமைந்தது.

கோலைக் கீழே வைத்த பின்

இரண்டாம் உலகப் போரால் 1940, 1944 ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெறவில்லை. போர் முடிந்து 1947இல் இந்திய அணி கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அழைக்கப்பட்டபோது, தியான் சந்த் வந்தாக வேண்டும் என்பது அழைத்தவர்களின் நிபந்தனை. நாற்பத்திரண்டு வயதில் சென்று, 22 ஆட்டங்களில் 61 கோல் போட்டுத் திரும்பினார். அதன் பின் பெரிய ஆட்டங்களிலிருந்து விலகினார். 1952இல் கோல் என்னும் அவருடைய தன்வரலாறு நூலாக வந்தது. அதை வெளியிட்டது நம் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் இதழ் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 1956இல், சிப்பாயாய்ச் சேர்ந்தவர் மேஜராய் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்மபூஷண் விருதும் வந்தது.

பெரும்பாலோர் இவ்விடத்தில் அவர் வரலாற்றை முடித்துவிடுவர். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. இராசத்தானத்து மவுண்ட் அபுவில் பயிற்சி முகாம்களில் இளைஞர்களுக்குக் கற்பித்தார். பாட்டியாலாவில் மோதிபாக் அரண்மனையில் 1961இல் தேசிய விளையாட்டுப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. பயிற்சியாளர்களையே உருவாக்கும் கல்விக்கூடம் அது. அங்கே வளைகோல் ஆட்டத்தின் தலைமைப் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார் தியான் சந்த். ஆறாண்டுப் பள்ளிப்படிப்போடு நின்றவர், ஆசிரியர்களுக்கே ஆசிரியரானார்!

அப்பணி எளிதன்று. விளையாட்டு வீரனின் அறிவு அவன் நாவில் இருப்பதில்லை, மணிக்கட்டில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். விரைந்து வரும் பந்தைக் கோலால் நிறுத்த வேண்டும். கோலை விறைப்பாகப் பிடித்தால் பந்து துள்ளி எதிரியிடம் போய்விடும். தொடும் நொடியில் கோலைச் சற்றே பின்வாங்கினால் பந்து அடங்கி நிற்கும். உந்தம் மாறுவதற்கு எடுக்கும் நேரம் கூடினால் விசை குறையும் என்று நம் இயற்பியல் வகுப்பில் படிக்கிறோமே, அதே விதிதான். தேர்ந்த வீரன் அதை எண்ணிப் பார்க்காமலே செய்துவிடுவான். ஆனால் பயிற்சியாளன் ஆனதும், தான் எண்ணாமல் செய்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். பகுத்துப் பார்க்க வேண்டும். இருபது பையன்கள் முன்னே இருநூறு முறை சலிக்காமல் செய்து காட்ட வேண்டும். தான் ஒரே நாளில் பற்றிக்கொண்டதை மாணவன் ஒரு மாதம் ஆகியும் பற்றவில்லையென்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பொறுமை இல்லாத எத்தனையோ பெரிய வீரர்கள் பயிற்சியாளர்களாகத் தோற்றிருக்கிறார்கள்.

நம் கடற்கரை சொல்லும் சான்று

இதை விளங்கிக்கொள்ள நாம் பாட்டியாலா வரை போக வேண்டியதில்லை. மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் இடையே கடலோரக் குப்பம் ஒன்றில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். என் தாத்தா, கரையில் நின்று காற்றை முகத்தில் வாங்கியே இன்று கடலுக்குப் போகலாமா கூடாதா என்று சொல்லிவிடுவார். எப்படித் தெரிந்தது தாத்தா என்று கேட்டால் சிரிப்பாரே தவிர விடை வராது. அறிவு இருந்தது, சொல் இல்லை. மாலை வேளைகளில் குப்பத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது எனக்கும் அதே நிலைதான். நான் நொடியில் போடும் கணக்கை அவர்களுக்கு விளக்க அரை மணி ஆகிறது. தெரிவது வேறு, தெரிவிப்பது வேறு என்பதை அந்த மண்தரைதான் எனக்கு உணர்த்தியது.

அதே மாமல்லபுரத்தில் இன்னொரு சான்றும் உண்டு. தியான் சந்த் பயிற்சியாளரான அதே காலத்தில், 1957இல், அங்கே அரசின் சிற்பப் பயிற்சிக்கூடம் தொடங்கப்பட்டது. வழிவழியாய்த் தந்தை மகனுக்கு மட்டுமே கைமாற்றிய உளிவித்தை, வகுப்பறைக்கு வந்தது. எந்தக் குடும்பத்துப் பையனும் பாடமாய்க் கற்கலாம் என்ற நிலை பிறந்தது. அதன் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த கணபதி ஸ்தபதி, பின்னர் குமரிக் கடலில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையை வடித்தவர். அவர் செதுக்கிய சிலையை எல்லோரும் காண்கிறோம். அவர் உருவாக்கிய மாணவர்களின் கைகள் எத்தனைக் கோயில்களில் உழைக்கின்றன என்று யார் எண்ணினார்? வல்லவர் ஒருவர் ஆசானாகும்போது அவர் புகழ் குறையலாம், வித்தை பெருகுகிறது.

பாராமுகம்

தியான் சந்தின் பிற்காலத்தை எழுதும்போது கை தயங்குகிறது. அவர் ஜான்சி திரும்பினார். கையில் பணம் இல்லை. ஊரில் மதிப்பு இருந்தது. மாதம் கடத்த அது போதுமா? தம் பிள்ளைகள் வளைகோல் பிடிப்பதை அவர் ஊக்குவிக்கவில்லை என்று அவர் மகன் அசோக் குமாரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாட்டுக்கே ஆட்டம் கற்பித்தவர், தம் மகன் அந்த ஆட்டத்தை நம்பி வாழ்வதை விரும்பவில்லை! இதைவிடக் கசப்பான விமர்சனம் வேறு வேண்டுமா? ஆனால் மகன் கேட்கவில்லை. 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 2-1 என்று இந்தியா வென்றபோது, வெற்றிக் கோலைப் போட்டவர் அசோக் குமார்.

அடுத்த ஆண்டே சரிவு வந்தது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்தரைக்குப் பதில் செயற்கைத் தளம் விரிக்கப்பட்டது. மேடு பள்ளம் இல்லாத தளத்தில் பந்து விரைந்து ஓடியது. மணிக்கட்டின் நுணுக்கத்தை விட ஓட்டமும் உடல் வலிவும் ஓங்கின. ஐரோப்பியரும் ஆஸ்திரேலியரும் அத்தளத்தில் பயின்றனர். நம் பிள்ளைகள் புல்லிலும் மண்ணிலும் பயின்றனர். இந்தியா ஏழாம் இடம் பெற்றது. நல்ல ஆசான் மட்டும் இருந்தால் போதாது. ஆசான் நின்று கற்பிக்கும் களமும் காலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

1979 டிசம்பர் 3ஆம் நாள், ஈரல் புற்றுநோயால் டில்லி அனைத்திந்திய மருத்துவ நிலையத்தில் தியான் சந்த் காலமானார். பொது வார்டில்தான் முதலில் சேர்க்கப்பட்டார். வெற்றிக்குப் பின் கூடிய ஆயிரவர் எங்கே? 1928இல் மூவர் வழியனுப்பிய கணக்கே மீண்டது. ஜான்சியில் அவர் ஆடிப் பழகிய மைதானத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது.

பின்னர் மரியாதைகள் வந்தன. அவர் பிறந்த நாள் தேசிய விளையாட்டு நாள் ஆயிற்று. டில்லி தேசிய விளையாட்டரங்கம் 2002இல் அவர் பெயர் பெற்றது. நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதான கேல் ரத்னா 2021இல் அவர் பெயரைத் தாங்கியது. பயிற்சியாளர்களுக்கென்றே துரோணாச்சாரியா விருது ஏற்பட்டது 1985இல். அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து. ஆசான் தியான் சந்துக்கு அது எட்டவில்லை.

தொடரும் மரபு

ஆயினும் அவர் நடந்த பாதை புல் முளைத்துப் போகவில்லை. நம் தமிழ்நாட்டின் பாஸ்கரன் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் தலைவர். ஆட்டம் முடித்த பின் இந்திய அணிக்கே பயிற்சியாளர் ஆனார். பக்கத்து மாநிலமாகிய கேரளத்தின் கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷ், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றதோடு ஓய்வு பெற்று, உடனே இளையோர் அணியின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றார். 2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் அவருடைய மாணவர்கள் வெண்கலம் வென்றனர். நேற்றைய வீரர் கோட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுக்க, நாளைய வீரர்கள் கோட்டுக்குள் ஓடிய காட்சி அது. இன்றைய பயிற்சியாளருக்கு ஊதியம் உண்டு. படப்பதிவுக் கருவி உண்டு. உடலியல் வல்லுநரின் துணை உண்டு. தியான் சந்துக்கு அவர் கைகளைத் தவிர வேறு என்ன இருந்தது?

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விகளுக்கு இப்போது விடை கூறலாம். ஆடத் தெரிந்தவர் எல்லோருக்கும் கற்பிக்கத் தெரியாது. ஆனால் தாமும் ஒரு காலத்தில் ஒருவரிடம் கற்றதை மறவாதவர்க்கு அது கைகூடும். நாடு ஆசானை மதிக்கிறதா என்றால், காலம் கடந்துதான் மதிக்கிறது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகிறவர்கள். செங்கற்பட்டு ரயிலைப் பிடித்தும், கடற்கரைச் சாலைப் பேருந்தில் தொங்கியும் இங்கே வந்து சேர்கிறோம். நமக்கும் இரண்டு வாழ்க்கை உண்டு. பட்டம் வாங்குவது முதல் வாழ்க்கை. அன்று ஊர் கைதட்டும். அதன் பின், நம் தெருவில் அடுத்துப் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு நாம் ஏறிவந்த படியைக் காட்டித் தருவது இரண்டாம் வாழ்க்கை. அதற்குக் கைதட்டல் இராது, விருது இராது. ஆறாண்டுப் பள்ளிப்படிப்போடு பாட்டியாலா சென்று ஆசான்களுக்கு ஆசானாய் நின்ற அந்தப் படைவீரர், கைதட்டலை எதிர்பார்த்து அங்கே நிற்கவில்லை. அவருக்கு ஒரு பாலே திவாரி கிடைத்தார். நாமும் யாருக்கேனும் ஒரு பாலே திவாரியாவோம்.